ஐந்தாம் பரண்

ஓல்போர்க்
07.09.2025

அன்பு மகள் ஜெனிதாவுக்கு,

கர்த்தருடைய தயவால் நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்குப் பிறஷர் கொஞ்சம் கூட, எனக்குச் சீனி கொஞ்சம் கூட. இரண்டும் ஒரு வீட்டில் ஒற்றுமையாக இருக்கின்றன. நீயும் மிக்கலும் சுகமாக இருக்க வேண்டும்.

போனில் நீ டேனிஷில்தான் பதில் சொல்கிறாய். அதனால் மாதம் ஒரு கடிதம் தமிழில் எழுதுவது என்று நீ கோப்பன்ஹேகனுக்கு நர்ஸ் வேலைக்குப் போன அன்று பேசிக்கொண்டோம். இப்போது நான் மட்டும்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். போன மாதக் கடிதம் எங்கே?

புதினம் என்னவென்றால், உன் அப்பா வேட்டைக்காரன் ஆகிவிட்டார். சுடும் பரீட்சையில் மூன்றாம் முறை பாஸ். முதல் இரண்டு முறையும் குறிப்பலகையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பட்டது. மிக்கலின் அப்பா, உன் வருங்கால மாமனார் பிறெபன் தன்னுடைய வேட்டைக் குழுவில் இடம் தந்திருக்கிறார். தனியே போகக் கூச்சம் என்றபடியால் நம்முடைய செல்வரட்ணம் மாமாவையும் இழுத்துக்கொண்டு போகிறேன். வேலையிலும் பக்கத்தில், சபையிலும் பக்கத்தில், இனிக் காட்டிலும் பக்கத்தில். நான் நெட்டை, அவன் குண்டு. சேர்ந்து நின்றால் பத்து என்ற இலக்கம் மாதிரி இருப்போம். அவன் முதல் முறையே பாஸ். அதை ஒருவருக்கும் சொல்ல மாட்டான்.

பெரிய துவக்கால் ஒரு முறை சுட்டுப் பார்த்தேன். தோள் ஒரு கிழமை நீலமாக இருந்தது. ஆகவே சின்னத் துவக்கு ஒன்று எடுத்தேன். குண்டு என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. ஆட்டுக்குட்டி அளவான சின்ன மானைத்தான் அதால் சுடலாம். குதிரை மாதிரி நிற்கிற கலைமானைச் சுட்டால் சட்டப்படி குற்றம். செல்வரட்ணமும் என்னைப் பார்த்து அதே துவக்கைத்தான் எடுத்தான். பிறெபன் இரண்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதாலை கலைமானுக்கு முதுகு சொறியலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு, கூரை ஓரத்து மழைநீர்ப் பீலி துப்பரவாக்க ஏணியில் ஏறி மூன்றாம் படியில் நின்று "அருள்மலர், என்னை இறக்கு" என்று அம்மாவைக் கூப்பிட்ட கதையைச் சொன்னேன். பிறெபனுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணால் தண்ணீர் வந்துவிட்டது. நல்ல மனிதர்கள்.

பதில் போடு. கர்த்தர் உன்னைக் காப்பாராக.

உன் அப்பா
நேசரட்ணம்


கோப்பன்ஹேகன்
28.09.2025

அன்புள்ள அப்பா,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமா? அம்மாவின் மாத்திரை காலையில் எடுக்க வேண்டும், நினைவு வரும்போது அல்ல.

இரண்டு மாதக் கடிதத்தையும் ஒன்றாக எழுதுகிறேன். கலியாணம் டிசம்பர் 13 உறுதி. மிக்கலின் அப்பா தங்கள் ஊர் மண்டபத்தைப் பதிவு செய்துவிட்டார். செல்வரட்ணம் மாமாவின் மகள் அபிதா எனக்குத் தோழியாக நிற்கிறாள்.

ஒன்று சொல்ல வேண்டும். ஏணிக் கதையை மிக்கல் எனக்குச் சிரித்துக்கொண்டு சொன்னான். நான் சிரிக்கவில்லை. அவர்கள் சிரிப்பதற்கு முன்னால் நீங்களே உங்களைச் சிரிப்பாக்கிவிடுகிறீர்கள். என்னுடைய பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டங்களிலும் அப்படித்தான் செய்தீர்கள். எனக்கு அப்போதும் பிடிக்கவில்லை.

வேட்டையில் கவனமாக இருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் சிவப்புப் பேனையால் திருத்தி அனுப்ப வேண்டாம்.

அன்புடன்
ஜெனிதா


ஓல்போர்க்
10.10.2025

அன்பு மகளுக்கு,

சுகம். உன் கடிதத்தில் நான்கு பிழை. சிவப்புப் பேனை எடுக்கவில்லை, மனதுக்குள் திருத்திவிட்டேன். பள்ளிக்கூடக் கதையை அம்மாவிடம் கேள்.

நாளைக்குத்தான் பெரிய வேட்டை. பிறெபன் பட்டியல் அனுப்பியிருக்கிறார், யார் எந்த இடத்தில் இருப்பது என்று. எனக்கு ஏழாம் இலக்கம், நிலத்தில் ஒரு மரக்குற்றி. செல்வரட்ணத்துக்கு ஐந்தாம் இலக்கம். அது ஏணி வைத்த பரண், பதினொரு படி. அவனுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தது உனக்குத் தெரியும்தானே. பிறெபனுக்குத் தெரியாது. தெரிந்தால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள் என்று பயப்படுகிறான். சொல்லாமல் இடம் மாறக்கூடாது என்பது சட்டம். ஆனால் யார் பார்க்கப்போகிறார்கள்? "நீ ஏழிலை இரு, நான் ஐந்திலை ஏறுறன்" என்று சொல்லிவிட்டேன். "அண்ணை, ஏணியெண்டால் உங்களுக்கு நடுங்குமே" என்றான். கண்ணை மூடிக்கொண்டு ஏறுவேன் என்றேன். இதை மிக்கலுக்குச் சொல்லிவிடாதே.

ஜெபித்துக்கொள். எனக்காக அல்ல, பக்கத்தில் நிற்கிறவர்களுக்காக.

அப்பா


ஓல்போர்க்
19.10.2025

அன்பு மகளுக்கு,

உன் பதில் வருவதற்கு முன்பே எழுதுகிறேன் என்று ஆச்சரியப்படாதே. நாங்கள் சுகம். நீ சுகமா? அங்கே குளிர் தொடங்கிவிட்டதா? இங்கே நல்ல மழை.

வேட்டை நல்லபடியாக முடிந்தது. சுட்டவற்றைத் தேவதாரு இலையில் கிடத்தி ஊதுகொம்பு ஊதினார்கள். இரண்டு சின்ன மான், ஒரு நரி. எனக்கு ஒன்றும் விழவில்லை. பட்டாணிச் சூப் தந்தார்கள், உப்பு இல்லை. செல்வரட்ணம் மரக்குற்றியில் நித்திரை கொண்டுவிட்டான் என்று நினைக்கிறேன்.

நான் இப்போது வேலை முடிந்ததும் காட்டுப் பக்கம் நடக்கப் போகிறேன். சீனி வருத்தத்துக்கு நல்லது என்று டாக்குத்தர் சொன்னது இப்போதுதான் காதில் ஏறியது. அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை.

நீ நர்ஸ் என்றபடியால் ஒன்று கேட்கிறேன். சாப்பிட ஏலாமல், தண்ணீர் மட்டும் இருந்தால் ஒரு ஆள் எத்தனை நாள் இருக்கலாம்? வேலையிடத்தில் ஒரு வாக்குவாதம் வந்தது. சும்மா.

அப்பா


கோப்பன்ஹேகன்
26.10.2025

அன்புள்ள அப்பா,

நலம். நடப்பது நல்லது. காலுறையை ஒவ்வொரு நாளும் கழற்றிக் காலைப் பாருங்கள், காயம் இருந்தால் உங்களுக்குத் தெரியாது.

உங்கள் கேள்விக்குப் பதில்: மனிதன் என்றால் பல கிழமைகள். தண்ணீர் விழுங்க முடிந்தால். வலி இருந்தால் அது நீண்ட காலம்.

மிக்கல் ஒரு விஷயம் சொன்னான். அவர்கள் காட்டில் ஒரு பெரிய கலைமான் கீழ்த்தாடை உடைந்து தொங்கத் திரிகிறதாம். உருளைக்கிழங்குத் தோட்டக்காரர் இரண்டு முறை கண்டிருக்கிறார். கிட்டப் போவதற்கு முன் ஓடிவிடுகிறது. மேய முடியாது, அசைபோட முடியாது. பட்டினியால் சாகும் என்கிறான். வேட்டையன்று சுட்டவன் உடனே ஒரு போன் எடுத்திருந்தால், காயம்பட்ட மிருகத்தைத் தேடுகிற நாய்க்காரர் அன்று பின்னேரமே கண்டுபிடித்து முடித்திருப்பாராம். சட்டமும் அதுதானாம். ஒருவரும் எடுக்கவில்லை. ஆறாம் இலக்கத்தில் இருந்தவர் ஐந்தாம் பரணில் ஒரு சின்னத் துவக்குச் சத்தம் கேட்டதாகச் சொல்கிறார்.

அப்பா, ஐந்தில் இருந்தது நீங்கள்தானே. ஏதாவது கண்டீர்களா?

ஜெனிதா


ஓல்போர்க்
04.11.2025

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். கால் இரண்டையும் பார்த்தேன், இரண்டும் இருக்கின்றன. கலியாணத்துக்கு அம்மா எடுத்த சேலை வந்து சேர்ந்தது. நிறம் அனுப்பிய படத்தில் ஒன்று, பெட்டிக்குள் வேறொன்று. இரண்டு நாள் வீட்டில் சத்தம்.

அந்த மானைப் பற்றிக் கேட்டாய். சனிக்கிழமை நான்தான் அதைக் கண்டுபிடித்தேன். வாய்க்கால் ஓரம், நாணலுக்குள், முன்னங்கால் இரண்டும் தண்ணீரில். செத்து அதிக நேரம் இல்லை, காதுக்குள் கை வைத்தேன், கொஞ்சம் சூடு இருந்தது. வேட்டை நடந்து இருபத்தொரு நாள். விலா எலும்பை எண்ணலாம். தாடைக்குள் புழு.

அதற்கு முந்தின கிழமையும் ஒரு நாள் உயிரோடு கண்டேன். அதே வாய்க்காலில் முகத்தை வைத்துக் குடிக்கப் பார்த்தது. உள்ளே போன தண்ணீர் பக்கத்தால் வழிந்தது. திரும்பவும் வைத்தது. திரும்பவும் வழிந்தது. கால் மணித்தியாலம் அப்படியே செய்தது. போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. யாருக்கு எடுப்பது, இலக்கம் பதிவாகுமே என்று, சரி, அதை விடு.

பிறெபனுக்கு அறிவித்தேன். மூன்று கிழமையாக மழையில் தேடித் திரிந்த ஒரே ஆள் நான்தான் என்று எல்லோருக்கும் முன்னால் தோளில் தட்டினார். கொம்பை எனக்கே தந்துவிட்டார். கராஜில் சாய்த்து வைத்திருக்கிறேன், கதவு மூட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விசாரணைக் கூட்டம். தாடைக்குள் சின்னத் துவக்கின் குண்டுத் துண்டு இருந்ததாம். நல்ல கோப்பி, சூடான பணிஸ். என்னிடமும் ஏதோ கேட்டார்கள், சொல்ல வேண்டியதைச் சொன்னேன். செல்வரட்ணத்தைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். பொலிசுக்கும் எழுதியிருக்கிறார்கள். பாவம். எனக்கும் மனவருத்தம்தான்.

கலியாணப் பேச்சு எழுதத் தொடங்கிவிட்டேன். மணமகளின் தகப்பன்தான் முதலில் பேச வேண்டுமாம். பகிடி நிறைய இருக்கும்.

அப்பா


கோப்பன்ஹேகன்
11.11.2025

அப்பா,

நான் நலம். அம்மா நலமா?

கூட்டத்தில் என்ன நடந்தது என்று மிக்கலிடம் கேட்டேன். அவனும் அங்கே இருந்தான். ஆறாம் இலக்கத்துக்காரர், பரணில் "தமிழரில் ஒருவர்" இருந்தார் என்றாராம். எந்தத் தமிழர் என்று தெரியாதாம். நெட்டையா குண்டா என்றுகூட மிக்கலின் அப்பா கேட்கவில்லை, பட்டியலைப் பார்த்தார். செல்வரட்ணம் மாமா எழும்பி, தங்கள் இரண்டு பேரும் இடம் மாறினதாகச் சொன்னார். உங்களிடம் கேட்டார்கள். நீங்கள் "இல்லை" என்றீர்கள். ஒரு சொல். ஒருவர் சொன்னாராம், "நேசா ஏணியில் ஏறுவதா?" என்று. எல்லோரும் சிரித்தார்களாம்.

மாமா திரும்பவும் உட்கார்ந்துவிட்டாராம்.

அபிதா போன் எடுத்தாள். உங்கள் வேலையிடத்தில் சாப்பாட்டு அறைக்குள் மாமா வந்தால் டேனிஷ்காரர்கள் தங்கள் தாடையைக் கையால் பிடித்துத் தொங்கவிட்டுக் காட்டுகிறார்கள். நீங்கள் அதே மேசையில்தானே சாப்பிடுகிறீர்கள்?

உங்கள் அக்டோபர் 10 கடிதம் என் முன்னால் இருக்கிறது. "நீ ஏழிலை இரு, நான் ஐந்திலை ஏறுறன்." உங்கள் கையெழுத்து.

ஜெனிதா


ஓல்போர்க்
20.11.2025

அன்பு மகளுக்கு,

சுகம். அம்மாவுக்கும் சுகம், அவளுக்கு ஒன்றும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

அவர்கள் தாடையைப் பிடித்துக் காட்டும்போது நான் தேத்தண்ணி ஊற்ற எழும்பிப் போவேன். இப்போது ஒரு நாளைக்கு ஆறு கோப்பை.

ஓம். நான்தான். இனி உனக்கு என்ன ஒளிப்பது?

அன்று காலையிலும் பிறெபன் எல்லோருக்கும் முன்னால் என் துவக்கைத் தூக்கி, "நேசா பல்லுக் குத்திற குச்சியோடை வந்திருக்கிறான்" என்றார். சிரித்தேன். பரணில் ஒரு மணித்தியாலம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுங்கியபடி இருந்தேன். அப்போது அது வந்தது. அறுபது மீற்றர் இராது. அப்படி ஒரு பெரிய சீவனை நான் உயிரோடு கண்டதில்லை. அசையாமல் என்னைப் பார்த்தது.

உனக்குத் தெரியும், இருபத்தெட்டு வருடம் நான் பன்றி வெட்டுகிற இடத்தில் வேலை. கால் முறிந்து வருகிற பன்றிக்கு நெற்றியில் இரும்பு முளை அடிப்பார்கள். பென்சில் அளவு ஓட்டை. இருநூறு கிலோத் தாய்ப்பன்றி நின்ற இடத்தில் மடங்கி விழும். சின்ன ஓட்டை போதும், சரியான இடத்தில் பட்டால் போதும் என்று நினைத்தேன். பரீட்சைக்குப் படிப்பித்தவன் தலைக்குச் சுடாதே, நெஞ்சுக்குச் சுடு என்று பத்துத் தரம் சொன்னவன். எனக்கு அவனைவிடக் கூடத் தெரியும் என்று நினைத்தேன். பன்றியைக் கூண்டுக்குள் இறுக்கிப் பிடித்துத்தான் அடிப்பார்கள் என்பதை மறந்துபோனேன். விசையை இழுக்கும்போது மான் தலையைத் தூக்கியது.

விழுந்திருந்தால் ஒரு நாளும் என் துவக்கைப் பார்த்துச் சிரித்திருக்க மாட்டார்கள். சட்டம் பிழைதான், ஆனால் சிரித்திருக்க மாட்டார்கள்.

மதியம் பிறெபன் எங்களை வட்டமாக நிற்க வைத்து, "சுட்டவை சொல்லுங்கோ, காயப்பட்டது ஏதும் இருக்கோ?" என்று கேட்டார். வாய் திறக்கத்தான் பார்த்தேன். அந்த வட்டத்தில் உன் மாமனார், உன் புருஷனாகப் போகிறவன், அவனுடைய சித்தப்பா. உன் கலியாணத்துக்கு இரண்டு மாதம்.

செல்வரட்ணத்துக்கு என்ன போய்விட்டது? அவனுக்கு வேட்டையில் பெரிய ஆசையும் இல்லை. கலியாணம் முடியட்டும், நான் ஆறுதலாகச் சொல்கிறேன். அக்டோபர்க் கடிதத்தை எரித்துவிடு.

அப்பா


கோப்பன்ஹேகன்
27.11.2025

அப்பா,

எரிக்க மாட்டேன்.

அபிதா எனக்குத் தோழியாக நிற்க மாட்டாள். ஆனால் மாமாவும் மாமியும் வருகிறார்கள். மாமா, "பிள்ளையிலை என்ன பிழை?" என்று சொன்னாராம். மேசையில் உங்கள் வலது பக்கத்தில் மிக்கலின் அப்பா. இடது பக்கத்தில் செல்வரட்ணம் மாமா. அட்டையில் பெயரை நானே எழுதிவிட்டேன்.

நீங்கள் கரண்டியால் கிளாசைத் தட்டி எழும்பும்போது எண்பது பேர் பேசாமல் உங்களைப் பார்ப்பார்கள். அப்போது சொல்லுங்கள். வேறு பேச்சு எனக்கு வேண்டாம்.

ஜெனிதா


ஓல்போர்க்
17.12.2025

அன்பு மகளுக்கும் மருமகனுக்கும், இல்லை, மகளுக்கு மட்டும்,

நாங்கள் சுகம். நீங்கள் போன இடத்தில் வெயில் என்று அம்மா போனில் படம் காட்டினாள். எங்கள் தெருவின் சிவப்புத் தபால்பெட்டியைக் கழற்றிவிட்டார்கள். இந்தக் கடிதத்தைக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

நீ கேட்டாய், நான் சொன்னேன். நீயும் இருந்தாய், ஆனால் முழு நேரமும் குனிந்துகொண்டிருந்தாய். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

கிளாசைத் தட்டினேன். என் டேனிஷ் உனக்குத் தெரியும், பயத்தில் இன்னும் மோசம். "ஒரு பெரிய மான், ஒரு சின்னத் துவக்கு, ஒரு விசர் மனிசன்" என்று தொடங்கினேன். அங்கேயே சிரிப்புத் தொடங்கிவிட்டது. "ஐந்தாம் பரணிலை இருந்தது செல்வரட்ணம் இல்லை. நான்" என்றேன். பிறெபன் மேசையில் அடித்துச் சிரித்தார். "நீயோ? பதினொரு படியோ? ஆர் உன்னை இறக்கினது?" என்றார். மண்டபம் முழுக்கச் சிரித்தது. "இல்லை, இது உண்மை" என்றேன். இன்னும் கூடச் சிரித்தார்கள். யாரோ பின்னால் தாடையைப் பிடித்துக் காட்டினார்கள்.

மூன்றாம் தரமும் சொல்ல வாய் திறந்தேன். கர்த்தர் சாட்சி. பிறெபன் எழும்பி என்னைக் கட்டிப் பிடித்துவிட்டார். கண் கலங்கி, "கூட்டாளியின்ரை பழியைத் தன்ரை தலையிலை போடுற மனிசன். இப்படி ஒருத்தன் எங்கடை குடும்பத்துக்குள்ளை வந்திருக்கிறான்" என்றார். எண்பது பேரும் எழும்பிக் கிளாசைத் தூக்கினார்கள்.

நானும் தூக்கினேன்.

செல்வரட்ணம் எழும்பவில்லை, முழங்கால். குனிந்து உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டிருந்தான். வெட்டினதையே திரும்பத் திரும்ப வெட்டினான்.

இனி நான் என்ன செய்ய? சொல்லிவிட்டேன்தானே. நம்பாதது என் பிழையா? பதில் போடு, பிள்ளை. பிழை இருந்தாலும் பரவாயில்லை.

அப்பா


ஓல்போர்க்
29.12.2025

அன்புள்ள நேசண்ணைக்கு,

நானும் மனிசியும் தேவ கிருபையால் சுகம். நீங்களும் அருள்மலர் அக்காவும் சுகமாக இருப்பீர்கள். ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன் என்று குறை நினைக்க வேண்டாம். நேரில் வந்தால் நீங்கள் ஏதாவது பகிடி சொல்வீர்கள், நான் சிரித்துவிடுவேன்.

கலியாணம் நல்ல சிறப்பு. சாப்பாடும் நல்லம்.

ஜெனிதா பிள்ளை நீங்கள் அக்டோபரில் எழுதின கடிதத்தை எனக்கு அனுப்பியிருக்கிறா. "மாமா, இதை வைத்து என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்" என்று எழுதியிருக்கிறா. யோசித்துப் பார்த்தேன். அவ்வளவு பேரும் எழும்பிக் குடித்த பிறகு இந்தக் கடதாசியைக் காட்டினால் இதற்கும் சிரிப்பார்கள். இதோடு வைத்திருக்கிறேன். உங்களுடையது, நீங்களே வைத்திருங்கோ.

துவக்கைப் பொலிசில் கொடுத்துவிட்டேன். தை மாதம் தொடக்கம் வேலையில் வேறு பகுதிக்கு மாறுகிறேன், அங்கே தனியச் சாப்பிடலாம்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அந்த மான் கடைசியாக எந்த இடத்தில் கிடந்தது என்று எழுதி அனுப்புங்கோ. வாய்க்காலுக்கு எந்தப் பக்கம் என்று. கால் ஏலுமான ஒரு நாளில் நடந்து போய்ப் பார்க்க வேண்டும். எல்லோரும் நான் சுட்டதென்று சொல்கிறார்கள், அண்ணை. நான் அதை ஒருநாளும் கண்ணால் காணவில்லை.

அக்காவைச் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கோ.

இப்படிக்கு
செல்வரட்ணம்